‘லேய்’ என்று சொன்னவள்

மோக் சுக்-யீயின் முகம் தெரிந்தவர்கள் ஹாங்காங்கில் குறைவு. குரலைக் கேட்காதவர்கள் அதைவிடக் குறைவு. எண்பதுகளில் வந்த படங்களில் கதாநாயகி வாயைத் திறந்தால், பத்துக்கு நான்கு படத்தில் வெளியே வந்தது இவள் குரல்தான். வாள் சுழற்றும் இளவரசி, பழிவாங்க வந்த பேய், ஆலைத் தொழிலாளி, போலீஸ்காரன் மனைவி எல்லோருக்கும் ஒரே தொண்டை. படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்களில் மதியச் சாப்பாடு கொண்டுவந்தவர் பெயர்கூட இருக்கும். குரல் கொடுத்தவர் பெயர் இருக்காது. அப்போதைய வழக்கம் அது. யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

அவளுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. ஷெக் கிப் மேய் குடியிருப்பில் பதினேழாவது மாடியில் அரசு வீடு. கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. காலையில் கீழே தேநீர்க்கடையில் பழைய சிநேகிதிகளோடு இரண்டு மணி நேரம் உட்காருவாள். தொண்டைக்கு ஆகாது என்று இன்றுவரை ஐஸ் போட்ட எதையும் குடிப்பதில்லை. எழுபதை நெருங்கியும் சினிமாக்காரர்கள் அவளை ‘யீ அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தத் தொழிலில் யாரும் பாட்டியாவதில்லை, தாத்தாவாவதில்லை. சாகும்வரை அக்கா, அண்ணன்தான்.

அவள் பேசிய ஆயிரக்கணக்கான வரிகளில் ஊர் நினைவு வைத்திருப்பது ஒன்றே ஒன்றை. 1980இல் வந்த ‘ஏழாம் துறையின் படகு’ படத்தின் கடைசிக் காட்சி. அக்கா தன் தம்பியைப் படகில் ஏற்றிவிடுகிறாள். தானும் பின்னால் வருவதாகச் சொல்லியிருக்கிறாள், வரப்போவதில்லை. அது அவளுக்குத் தெரியும், பார்க்கிறவர்களுக்குத் தெரியும், தம்பிக்கு மட்டும் தெரியாது. “நீ முன்னால போ” என்கிறாள். வெறும் மூச்சில் சொன்னதுபோல் இருக்கும். படம் அதோடு முடிகிறது.

அந்த ஊர்ப் பேச்சில் ‘நேய்’ என்றால் ‘நீ’. நாக்கு நுனி பல்லுக்குப் பின்னால் தொட்டு வரவேண்டிய ‘ந’. பாதி ஊர் அதை ‘லேய்’ என்றுதான் சொல்லும். சோம்பேறி உச்சரிப்பு என்று வாத்தியார்கள் திட்டுவார்கள். தமிழில் வாழைப்பழம் படும் பாட்டை நினைத்துக்கொண்டால் போதும். ‘ஏழாம் துறை’யின் கதாநாயகி படம் முழுக்கச் சுத்தமாக ‘நேய்’ என்று பேசுகிறாள். அந்தக் கடைசி வரியில் மட்டும் ‘லேய் ஹாங் ஸீன்’ என்கிறாள். படித்த பெண்ணின் வாயிலிருந்து, தம்பியைப் பிரிகிற நேரத்தில், சந்தைப் பேச்சு வந்துவிட்டது என்று ஜனங்கள் உருகினார்கள். விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். லிஃப்ட் வாசலில் நின்று ஒருவருக்கொருவர் அதே குரலில் ‘லேய் ஹாங் ஸீன்’ சொல்லி வழிவிடுவது ஒரு தலைமுறையின் விளையாட்டாக இருந்தது.

பேட்டிக்கு வருகிற ஒவ்வொருவரும் அதைத்தான் கேட்பார்கள். சுக்-யீயிடம் ஒரே பதில் தயாராக இருக்கும்.

“அதுல நடிப்பெல்லாம் இல்லப்பா. நாக்கு வழுக்கிருச்சு. தொழில்ல நான் செஞ்ச ஒரே தப்பு அதுதான். முடிஞ்சா இன்னைக்கே திருத்திடுவேன்.”

கேட்டவர்கள் சிரிப்பார்கள். எவ்வளவு அடக்கம் என்று எழுதுவார்கள்.

போன வருடம் அக்டோபரில் க்வுன் டோங்கிலிருந்து அழைப்பு வந்தது. பழைய படங்களைச் சுத்தம் செய்து புதிதாக வெளியிடும் ஒரு சின்ன நிறுவனம். பழைய தொழிற்கூடக் கட்டடம் ஒன்றில் ஒன்பதாவது மாடி. பக்கத்துக் கதவில் உறைந்த கோழி மொத்த வியாபாரம். முதலாளி யிப், ஐம்பது வயது, வார்த்தைக்கு வார்த்தை சிரிக்கிறவர். ஒலி வேலை பார்ப்பவள் சிங்லாம். முப்பது வயதுக்காரி, காதில் மாட்டிய ஹெட்ஃபோனைக் கழற்றாமலே எழுந்து வணங்கினாள்.

“யீ அக்கா, பால் டீ சொல்லிட்டேன். சூடா, ஐஸ் இல்லாம.”

“அக்காவுக்குத் தொண்டைதானே சொத்து” என்றார் யிப்.

“சொத்தெல்லாம் வித்துத் தின்னாச்சு. படத்தப் போடுங்க.”

கடைசிக் காட்சியை இரண்டு முறை போட்டுக் காட்டினார்கள். முதலில் பழையது. எங்கோ ஒரு கிடங்கில் கிடைத்த பிரதி. நிறமெல்லாம் வெளுத்து, கடலும் வானமும் முகமும் ஒரே ரோஜா நிறத்தில் கிடந்தன. நடுவில் ஒரு கீறல் மேலிருந்து கீழாக ஓடிக்கொண்டே இருந்தது. ஒலியில் எண்ணெயில் எதையோ போட்டதுபோல் ஓயாத இரைச்சல்.

பிறகு புதியது. சுக்-யீ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடல் பச்சையாக இருந்தது. துறையின் இரும்புக் கம்பியில் துரு தெரிந்தது. படகின் பெயரைப் படிக்க முடிந்தது. நடிகையின் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. எத்தனையோ முறை பார்த்த படம், அந்த வியர்வையை இன்றுதான் பார்க்கிறாள்.

“நல்லா பண்ணியிருக்கீங்க” என்றாள். மனதாரத்தான் சொன்னாள். பழையதுதான் உசத்தி என்று கீறலையும் கும்பிடுகிற ரசிகர்களை அவளுக்குப் பிடிக்காது. அழுக்கு அழுக்குதான்.

திரையில் தம்பி படகில் ஏறினான். அக்கா உதட்டைப் பிரித்தாள். இரைச்சல் இல்லாத அந்த அமைதியில், கண்ணாடி போல ஒரு குரல் சொன்னது: “நேய் ஹாங் ஸீன்.”

சுக்-யீ கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

“யாரும்மா இது?”

“நீங்கதான் அக்கா.” சிங்லாம் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. “ஒங்க பேட்டியெல்லாம் கேட்டேன். அந்த ஒரு தப்பத் திருத்தணும்னு எல்லாத்துலயும் சொல்றீங்க. சரி, எங்க சார்பா ஒரு பரிசா இருக்கட்டுமேன்னு. மொதல்ல அந்த ஒத்த எழுத்த மட்டும் மாத்தலாம்னுதான் பாத்தேன். ஒட்டவே மாட்டேங்குது. அன்னைக்கு ஒங்களுக்கு ஜலதோஷமா அக்கா? மத்த ரீல்ல இருக்கற ஒங்க குரலோட அந்த வரி சேரவே இல்ல. அதனால முழு வரியையும் ஒங்க மத்த வசனத்துலேருந்து கம்ப்யூட்டர்ல செஞ்சுட்டேன்.”

“நாப்பது வருஷம் கழிச்சு, அக்கா ஆசப்பட்ட மாதிரியே” என்றார் யிப். “அதோட இன்னொண்ணு. புதுப் பிரதில குரல் குடுத்தவங்க பேரு போடறோம். படம் தொடங்கறப்ப வர்ற மொத பேரு அட்டையிலயே. கதாநாயகி குரல்: மோக் சுக்-யீ. கம்ப்யூட்டர் குரலுக்கு ஒங்க சம்மதக் கையெழுத்து மட்டும் வேணும்.”

அவள் ஒலி இல்லாத திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் காது எவ்வளவு கூர்மையானது என்று நினைத்தாள். சேரவில்லை என்று கண்டுபிடித்துவிட்டாள். ஏன் என்றுதான் தெரியவில்லை.

சேராததற்குக் காரணம் எளிது. அந்த வரியைச் சொன்னது சுக்-யீ அல்ல.

சொன்னவள் பெயர் ஸே யுக்-நிங். டைமண்ட் ஹில்லில் ஜன்னல் இல்லாத ஒலிக்கூடத்தில் கூட்டச் சத்தம் போடுகிற வேலை. சந்தைக்காரி, தாதி, வேடிக்கை பார்க்கும் பெண், எல்லாம் முகமில்லாத குரல்கள். அவளுக்கு ‘ந’ வராது. சொந்தப் பெயரே வராது.

முதல் நாள் குழுத்தலைவர் ஃபூ கேட்டார்: “பேரு என்ன?”

“ஸே யுக்-லிங்.”

“லிங்கா, நிங்கா?”

“லிங்தாண்ணே. அமைதின்னு அர்த்தம் வருமே, அந்த லிங்.”

கூடமே சிரித்தது. அன்றிலிருந்து அவள் லிங். ஃபூ மட்டும் சிரிக்கவில்லை. உச்சரிப்பில் அவர் சாமியாடுகிறவர். கூட்டச் சத்தத்தில் எது வந்தாலும் கரைந்துவிடும் என்றுதான் அவளை வைத்திருந்தார். “மைக்ல தனியா ஒன்னோட ‘ல’ கேட்டுச்சு, அன்னைக்கே கெளம்பிடணும்” என்று சொல்லியிருந்தார்.

‘ஏழாம் துறை’ குரல் பதிவின் கடைசி நாள். மதியத்துக்குள் மூன்று ரீல் முடிய வேண்டும். அதற்கு முந்தைய நான்கு நாளும் சுக்-யீ ஒரு பேய்ப் படத்துக்காகக் கத்தியிருந்தாள், தொண்டை நூலாகியிருந்தது. வட்டமாக ஒட்டிய படச்சுருள் சுற்றிச் சுற்றி வந்தது. துறை, படகு, உதடு. ஏழு முறை வந்தது. ஏழு முறையும் அவள் வாயிலிருந்து காற்றுதான் போனது. எல்லோருக்கும் ஒரே மைக். தோளோடு தோள் ஒட்டி நின்றிருந்த லிங், எட்டாவது முறை உதடு பிரிந்தபோது, யாரையும் கேட்காமல் முகத்தை நீட்டி மெல்லச் சொன்னாள்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஃபூவின் குரல் வந்தது. “யாரு அது, ‘லேய்’னது?”

லிங்கின் முகத்தில் ரத்தம் இல்லை. சுக்-யீ கையைத் தூக்கினாள். இருந்த துளிக் குரலில் சொன்னாள்: “நாந்தாண்ணே. நாக்கு வழுக்கிருச்சு.”

ஃபூ கடிகாரத்தைப் பார்த்தார். “நீயுமா. தொலையட்டும். மிச்ச ரீலப் போடுங்க.”

வெளியே வந்ததும் லிங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஏன்டி நீ போய் மாட்டிக்கிட்ட?”

“ஒன்னத் தொரத்திடுவாருடி.”

“அப்ப அந்த வரி ஒனக்குத்தான். வச்சுக்க. எனக்கு ஒரு குச்சி மீன் உருண்டை வாங்கிக் குடு, காரம் தூக்கலா.”

அதுவரை அது நல்ல காரியம்தான். சுக்-யீ அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை. அவள் வருந்துவது வேறு ஒரு காலை நேரத்துக்காக.

படம் ஓடியது. வரி பிரபலமானது. ஒரு வாரப் பத்திரிகை ‘அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி’ என்று சுக்-யீயின் படத்தைப் போட்டது. வாய்ப்புகள் குவிந்தன. 1983இல் ஆட்குறைப்பு வந்தபோது ஃபூ எல்லோர் முன்னிலையிலும் லிங்கிடம் சொன்னார்: “மூணு வருஷமாச்சு, இன்னும் ‘ந’ வரல. ஒன்ன வச்சு நான் என்ன பண்ண?” பத்தடி தள்ளி, தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள் சுக்-யீ. ஒரு வாக்கியம் போதும். ஊரே பேசுகிற அந்த ‘ல’ இவளுடையதுதான் அண்ணே. சொல்லியிருந்தால் அவர் வாயடைத்துப் போயிருப்பார். லிங் இவளைத் திரும்பிப் பார்த்தாளா என்றுகூட இன்று நினைவில்லை. சுக்-யீ தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்தபோது லிங் பையை எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

பிறகு அவள் கைக்கடிகார ஆலை ஒன்றில் வேலை பார்த்தாள். அவ்வப்போது சந்தித்தார்கள், பேசினார்கள், சிரித்தார்கள். அந்த வரியைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை. 1987இல் சிறுநீரகம் கெட்டு லிங் முந்திக்கொண்டாள். முப்பத்திமூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. குரலைப் பதிவுசெய்து வைத்திருக்க அவள் யார்? கூட்டச் சத்தத்தில் எது அவள் என்று யாராலும் பிரிக்க முடியாது. தனியாக, சொல்லாக, அவள் விட்டுப்போனது அந்த ஒரு வரிதான்.

சுக்-யீ கையெழுத்துப் போடவில்லை.

“பழசையே வைங்க” என்றாள்.

சிங்லாம் முகம் சுருங்கியது. “நல்லா வரலையா அக்கா?”

“நல்லாத்தான் வந்திருக்கு. படம் புதுசு இருக்கட்டும். அந்த வரி மட்டும் பழசு.”

“நீங்கதானே தப்பு தப்புன்னு...”

“சொன்னேன். கிழவி ஏதோ சொன்னா எழுதிக்குவீங்களா?”

யிப் சட்டென்று ஒத்துக்கொண்டார். ‘லேய்’ போய்விட்டால் ரசிகர்கள் கொடி பிடிப்பார்கள் என்று அவருக்கும் உள்ளூரப் பயம் இருந்தது. “அக்கா சொன்னா சரி. வரி பழசு, பேரு அட்டை அப்படியே. எல்லாருக்கும் சந்தோஷம்.” அட்டையில் வரவேண்டியதைச் சரிபார்க்க ஒரு தாளைக் கொடுத்தனுப்பினார்.

அவ்வளவு மலிவாக முடிந்துவிட்டது. லிங்கின் குரல் பிழைத்தது. தன் பெயரும் திரையில் வரப்போகிறது. பாதாள ரயிலில் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ‘கதாநாயகி குரல்: மோக் சுக்-யீ.’ அச்செழுத்தில் தன் பெயரைப் பார்க்க அழகாக இருந்தது. பொய் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். தொண்ணூற்றி ஒன்பது பங்கு தன் குரல்தானே. ஷெக் கிப் மேய் நிலையம் வந்தபோது அந்தக் கணக்கு நிற்கவில்லை. இத்தனை நாள் அட்டை இல்லை; வாயால் சொன்னதுதான். இனி அது எழுத்தில் இருக்கும், தானும் செத்த பிறகு திருத்த ஆளிருக்காது.

மறுநாள் காலை உறைந்த கோழிப் பெட்டிகளைத் தாண்டி மறுபடியும் போனாள். யிப் வந்திருக்கவில்லை. சிங்லாமிடம் எல்லாவற்றையும் சொன்னாள், தேநீர்ப் பாத்திரம் உட்பட. சிங்லாம் காதிலிருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அதான் சேரல” என்றாள் கடைசியில்.

“ஒனக்கு நல்ல காதும்மா.”

“பேரு எப்படி அக்கா எழுதணும்?”

“ஸே யுக்-நிங். அமைதின்னு வருமே, அந்த நிங்.” சொன்ன பிறகுதான் கவனித்தாள். உயிரோடு இருந்தவரை ஒருநாளும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

யிப் வந்ததும் முதன்முறையாகச் சிரிக்காமல் பேசினார்.

“அக்கா, நிதானமா யோசிங்க. டிக்கெட் விக்கிறதே ஒங்க பேர வச்சுத்தான். யாருக்குத் தெரியப்போவுது? செத்தவங்களுக்கு அட்டை எதுக்கு?”

“எனக்கு மட்டும் எதுக்கு?”

“நாளைக்கு இணையத்துல திட்டுவாங்க. நாப்பது வருஷம் ஏமாத்தினான்னு எழுதுவாங்க.”

“எழுதட்டும். அது சரிதானே.”

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் திரையிட்டார்கள். அரங்கம் நிறைந்திருந்தது. முதல் அட்டையில் கதாநாயகியின் குரல் என்று இரண்டு பெயர்கள் வந்தன. முதல் பெயருக்குக் கைதட்டினார்கள். இரண்டாவது பெயர் யாருடையது என்று தெரியாததால் கைதட்டல் தானாக அடங்கியது. படம் பளிங்காக ஓடியது. கடைசியில் படகு வந்தது. எண்ணூறு பேரும் உதட்டுக்குள் சேர்ந்து சொல்லக் காத்திருந்தார்கள். சுத்தமான ஒலிக்கு நடுவே, சிங்லாம் கழுவாமல் விட்ட அந்த இரண்டு வினாடியில் மட்டும் பழைய இரைச்சல் எழுந்தது, அதற்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. அரங்கம் கூடவே முணுமுணுத்தது. சுக்-யீயின் வாய் அசையவில்லை.

விளக்கு போட்டதும் மேடையில் நாற்காலி போட்டார்கள். தொகுப்பாளர் மைக்கை நீட்டினார். “யீ அக்கா, எல்லாரும் இதுக்குத்தான் வந்திருக்கோம். அந்த வரிய ஒரு தடவ.”

“எனக்கு அந்த வரி வராது” என்றாள். “அன்னைக்கும் வரல. சொன்னவ பேரு அட்டையில இருந்துச்சு, ரெண்டாவதா. நான் இத்தன வருஷமா என்னோடதுன்னு சொல்லிட்டு இருந்தேன். அவ வேலை போனப்பவும் சொல்லல.”

பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். யாரோ ஒருவர் போனில் படம்பிடிக்கத் தொடங்கினார். தொகுப்பாளர் கையிலிருந்த கேள்வித்தாளைப் புரட்டினார். அதில் இதற்கான கேள்வி இல்லை.

மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். கையில் மடித்த குடை. “அந்தம்மா இந்தப் படத்தப் பாத்தாங்களா?” என்று கேட்டார்.

சுக்-யீயிடம் அந்தக் கேள்வியை யாரும் இதுவரை கேட்டதில்லை.

“படம் வந்த புதுசுல மூணு தடவ பாத்தா. மூணாவது தடவ பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட, அது என் குரல்னு சொன்னாளாம். அவரு எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டாராம்.”

சிலர் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை; உட்காரவும் இல்லை.

“வேற என்ன குரலெல்லாம் பண்ணுவாங்க?”

“கொழந்தை மாதிரி அழுவா” என்றாள் சுக்-யீ. “பசிக்கு ஒரு அழுகை, காய்ச்சலுக்கு ஒண்ணு, தொலைஞ்சு போன கொழந்தைக்கு ஒண்ணு. அந்தக் காலத்துப் படத்துல கூட்டத்துக்கு நடுவுல ஒரு கொழந்தை அழுதா, பாதிக்கு மேல அவதான். அதுல ‘ந’ வேண்டாமில்ல.” மைக்கை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, முன்னால் சாய்ந்து, அவள் தொடர்ந்து சொல்ல ஆரம்பித்தாள்.